கோத்தகிரி தேயிலைத் தொழிற்சாலையின் சர்வர்: ராம் போதவில்லையா, பங்கீடு சரியில்லையா?

கோத்தகிரியைச் சுற்றியுள்ள ஹட்டிகளில் (படுகர் ஊர்களில்) சிறு விவசாயிகள் பறிக்கும் பசுந்தேயிலையை வாங்கித் தூளாக்கும் தனியார் தொழிற்சாலை ஒன்றில் நடந்தது இது. சொந்தத் தோட்டம் கிடையாது. வரும் இலை முழுக்க வெளி இலைதான். அதனால் யாருடைய இலை எத்தனை கிலோ வந்தது, ஈரத்துக்கு எவ்வளவு கழித்தார்கள், இந்த மாதம் அவர் கணக்கில் இதுவரை மொத்தம் எவ்வளவு என்ற பதிவுதான் அந்தத் தொழிற்சாலையின் உயிர்நாடி. இவை மூன்றும் ஒவ்வொரு எடைச் சீட்டிலும் அச்சாகும். மாத முடிவில் தேயிலை வாரியம் பசுந்தேயிலையின் சராசரி விலையை அறிவித்ததும் ஒவ்வொரு விவசாயிக்கும் கணக்குத் தாள் எடுக்க வேண்டும்.

பறித்த இலை அன்றைக்கே வந்து வாடல் தொட்டியில் விழ வேண்டும். சாக்குக்குள் அமுங்கிக் கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும். ஆகவே பிற்பகல் மூன்று மணிக்குமேல் ஏஜென்டுகளின் ஜீப்பும் பிக்கப்பும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். கோடை மழைக்குப் பிறகு இலை குவியும் மே, ஜூனில் இது இரவு ஒன்பதுவரை நீளும். அந்த நேரத்தில் சீட்டு அச்சாகாமல் நின்றால் வண்டி வரிசை வளைவைத் தாண்டிப் போய்விடும், சண்டை தொடங்கிவிடும்.

சர்வர் என்பது அலுவலக மூலையில் இருந்த ஒரு டவர் பெட்டி. நான்கு கோர், 16 ஜிபி ராம், நிமிடத்துக்கு 7200 சுற்று ஓடும் ஒரே ஒரு ஹார்டு டிஸ்க், 2 ஜிபி ஸ்வாப் (ராம் நிறைந்தால் ஒதுங்க டிஸ்கில் வைக்கும் இடம்), மேலே லினக்ஸ். எடைப் பதிவு மென்பொருள் ஜாவாவில் எழுதப்பட்டது. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ். இரண்டும் அதே பெட்டியில்தான்.

புகார்கள் இரண்டு. மாலையில் எடைத் திரை அவ்வப்போது அரை நிமிடம்போல உறைந்து நின்று, பிறகு தானாகவே ஓடத் தொடங்கும். மாதக் கடைசியில் கணக்குத் தாள் எடுக்கும்போது தரவுத்தளம் மொத்தமாக விழும். எல்லாத் திரையிலும் இணைப்புப் பிழை வரும், ஒரு சில நிமிடத்தில் அதுவே எழுந்துகொள்ளும். ராம் போதவில்லை என்று முடிவு செய்து, இன்னொரு 16 ஜிபி வாங்க கோயம்புத்தூரில் விலை கேட்டிருந்தார்கள். பழைய தலைமுறை சர்வர் ராம் என்பதால் கிடைப்பதும் அரிது, விலையும் கூடுதல். வாங்குவதற்கு முன் ஒருமுறை பார்த்துச் சொல்லச் சொன்னார்கள்.

கெர்னல் பதிவில் கிடைத்த வரி

உறைதல் எப்போது வருகிறது என்பதை ஆட்களிடம் கேட்டால் "கூட்டம் இருக்கறப்ப" என்றுதான் பதில் வரும். எடை மென்பொருள் ஒவ்வொரு சீட்டுக்கும் தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் பதிவு செய்துவந்தது நல்லதாயிற்று. பதினைந்து நொடிக்குமேல் எடுத்த சீட்டுகளை மட்டும் பிரித்து நிமிட வாரியாக அடுக்கினால் ஒரு வடிவம் தெரிந்தது. நாலு மணி, நாலு பத்து, நாலு இருபது என்று பத்து நிமிட எல்லையை ஒட்டியே அவை குவிந்திருந்தன. கூட்டத்துக்குக் கடிகாரம் தெரியாது. கடிகாரம் பார்த்து ஓடுவது, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரான் மட்டுமே.

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் எழுதிவைக்கும் பதிவைத் திறந்தால் அதே நேரங்களில் "டிராப் கேஷஸ்: 3" என்ற வரி. டிஸ்கில் படித்ததை ராமில் வைத்திருக்கும் கேஷை யாராவது கைமுறையாகக் காலி செய்தால், செய்த நிரலின் பெயரோடு கெர்னல் அதைக் குறித்து வைக்கும். நிர்வாகிக் கணக்கான ரூட்டின் கிரான் பட்டியலில் பார்த்தால், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை முதலில் சிங்க் (ராமில் நிற்கும் எழுத்தை டிஸ்கில் இறக்கும் கட்டளை), உடனே டிராப் கேஷஸுக்கு 3. முன்பு இந்தச் சர்வரைப் பார்த்துக்கொண்டவர் வைத்துவிட்டுப் போனது.

கணக்கர் அண்ணனுக்கு இது தெரிந்தே இருந்தது. "ஃப்ரீன்னு போட்ட எடத்துல எப்பவும் முந்நூறு எம்பிதாங்க தம்பி காட்டும். அதான் அப்பப்போ க்ளியர் பண்ண வச்சாரு. பண்ணதும் எட்டு ஜிபி காலியாயிடுமில்ல, பாக்கவே நிம்மதியா இருக்குமுங்க."

இந்த நிம்மதிதான் பல இடங்களில் வில்லன். லினக்ஸ் டிஸ்கிலிருந்து ஒருமுறை படித்த கோப்பின் பகுதிகளை, வேறு யாருக்கும் தேவைப்படாத ராமில் வைத்துக்கொள்ளும். அடுத்த முறை கேட்டால் டிஸ்கைத் தொடாமல் கொடுக்கும். ஏதாவது நிரல் ராம் கேட்டால் அந்த இடத்தை உடனே விட்டுக்கொடுத்துவிடும். ஆகவே "ஃப்ரீ" என்ற நெடுவரிசை குறைவாக இருப்பது நல்ல உடம்புக்கு அடையாளம். பார்க்க வேண்டியது "அவைலபிள்" என்ற நெடுவரிசை. கெர்னல் 3.14 முதல் இந்த மதிப்பீட்டைக் கெர்னலே கணக்கிட்டுத் தருகிறது. அந்தப் பெட்டியில் மதிய நேரத்தில் அவைலபிள் 9 ஜிபிக்குக் குறையாமல் இருந்தது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேஷைத் துடைப்பது, மேசைமேல் விரித்து வைத்து எழுதிக்கொண்டிருக்கும் பேரேடுகளை அள்ளிப் பரண்மேல் ஏற்றிவிட்டு, மேசை சுத்தமாக இருக்கிறது என்று மகிழ்வதற்குச் சமம். கேஷின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்த இதைப் பயன்படுத்தாதீர்கள், வேகம் குறையும் என்று கெர்னலின் ஆவணமே வெளிப்படையாக எச்சரிக்கிறது.

ஆனால் இதில் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. போஸ்ட்கிரெஸுக்கு ஷேர்டு பஃபர்ஸ் என்ற சொந்த நினைவகம் உண்டு. இங்கே அது 4 ஜிபி. டிராப் கேஷஸ் அதைத் தொடாது. தினசரி பயன்படும் தரவு அதற்குள் அடங்கியிருக்க வேண்டும். பிறகு ஏன் அரை நிமிடம்?

விடை எடைப் பதிவு அட்டவணையில் இருந்தது. பல வருடப் பதிவுகள் சேர்ந்து அது 3 ஜிபியைத் தாண்டியிருந்தது. சீட்டில் "இந்த மாதம் இதுவரை" என்ற மொத்தத்தைக் காட்ட மென்பொருள் ஓடவிட்ட வினவல் (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி), தேதியை எழுத்தாக மாற்றி மாதம் வருடம் ஒப்பிட்டுப் பார்த்தது. புத்தகத்தின் கடைசிப் பக்கப் பட்டியல்போலச் சீக்கிரம் தேட உதவும் இண்டெக்ஸ் தேதிக்கு இருந்தும், இப்படி மாற்றிக் கேட்டால் அது பயன்படாது. ஒவ்வொரு சீட்டுக்கும் முழு அட்டவணையும் முதல் வரியிலிருந்து படிக்கப்பட்டது. போஸ்ட்கிரெஸில் ஒரு வழக்கம் உண்டு. ஷேர்டு பஃபர்ஸின் கால் பங்கைவிடப் பெரிய அட்டவணையை வரிசையாக முழுக்கப் படிக்கும்போது, அது மற்ற தரவையெல்லாம் வெளியே தள்ளிவிடக் கூடாது என்பதற்காக அந்த நினைவகத்தில் ஒரு சிறு வளையத்தை மட்டும் பயன்படுத்திச் சுழற்றிக்கொள்ளும். ஆகவே 4 ஜிபி ஒதுக்கியிருந்தும் இந்த 3 ஜிபி அட்டவணை அதற்குள் தங்கவே இல்லை. அதைத் தாங்கிக்கொண்டிருந்தது லினக்ஸின் பக்கக் கேஷ். அதைத்தான் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை துடைத்துக்கொண்டிருந்தார்கள். நொடிக்கு 120 எம்பி வேகத்தில் 3 ஜிபியைத் திரும்பப் படிக்க இருபத்தைந்து நொடி. திரை உறைந்து நின்ற நேரமும் ஏறத்தாழ அதுவே.

கிரான் வரியை நீக்கியதும் பத்து நிமிட எல்லையில் வந்த குவியல் மறைந்தது. வினவலைத் தேதி எல்லையாக மாற்றி எழுதச் சொல்லி, விவசாயி எண்ணும் தேதியும் சேர்ந்த ஒரு இண்டெக்ஸும் போட்டோம். கேஷ் நிறைந்திருக்கும்போதுகூட இரண்டு நொடி எடுத்த சீட்டு இப்போது கண்ணிமைப்பதற்குள் வருகிறது. நினைவக அமைப்புகளைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு இதைச் சொல்வது ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் இந்தப் பெட்டியில் ஆகப்பெரிய பலன் தந்தது அந்த இண்டெக்ஸ்தான். நிறைய ராம் இருந்ததால் அது இல்லாத குறை வருடக்கணக்கில் வெளியே தெரியாமல் இருந்தது.

ஆறரை மணி பேக்கப்

அதற்குப் பிறகும் ஒரு உறைதல் மிச்சம் இருந்தது. மாலை ஆறரைக்கு மேல், கால் மணி நேரத்துக்குள் நாலைந்து முறை. ஆறரைக்குத்தான் தரவுத்தள பேக்கப் ஓடுகிறது. சுருக்காத எழுத்துக் கோப்பாக அதே டிஸ்கில் எழுதிவிட்டு, பிறகு யுஎஸ்பி டிஸ்குக்கு நகல் எடுப்பார்கள்.

இரவுக்குத் தள்ளிவிடலாமே என்று யாருக்கும் தோன்றும். அங்கே அது நடக்காது. இடி மின்னல் பயத்தில் அலுவலகம் பூட்டும்போது சர்வரை அணைத்துவிடுவார்கள். மலையில் மழைக்காலத்தில் மரம் விழுந்து கம்பி அறுவது சாதாரணம், மின்சாரம் திரும்ப வரும்போது என்ன அழுத்தத்தில் வரும் என்று சொல்ல முடியாது. ஆகவே அணைப்பதைக் குறை சொல்ல முடியாது. பேக்கப்பை எட்டேகாலுக்குத் தள்ளினோம். ஆனால் சீசனில் ஒன்பது மணிக்கும் இலை வரும், ஆகவே மோதல் முழுக்கத் தீராது.

ஒரு நிரல் கோப்பில் எழுதினால் லினக்ஸ் அதை உடனே டிஸ்குக்கு அனுப்பாது. ராமில் அழுக்குப் பக்கமாக (இன்னும் டிஸ்கில் இறங்காத 4 கேபி துண்டாக) குறித்து வைத்துவிட்டு, எழுதியாயிற்று என்று சொல்லிவிடும். அழுக்குப் பக்கங்கள் ஓர் அளவைத் தாண்டினால் பின்னணியில் டிஸ்குக்குத் தள்ளத் தொடங்கும். அதுதான் டர்ட்டி பேக்ரவுண்ட் ரேஷியோ, இயல்பு மதிப்பு 10. இன்னும் ஏறினால் எழுதும் நிரலையே நிறுத்திவைத்துக் காக்கவைக்கும். அது டர்ட்டி ரேஷியோ, இயல்பு மதிப்பு 20. இந்தச் சதவீதம் மொத்த ராமுக்குக் கிடையாது. காலியாக உள்ளதும் எளிதில் விடுவிக்கக் கூடியதும் சேர்ந்த அளவுக்கு உண்டான சதவீதம். 9 ஜிபிக்குக் கணக்குப் போட்டால் 900 எம்பி சேரும்வரை கெர்னல் அவசரப்படாது, 1.8 ஜிபிவரை எழுதுபவரை முழுக்க நிறுத்தாது. முப்பது நொடி பழையதாகிவிட்ட பக்கங்களைத் தனியாகத் தள்ளும் விதி ஒன்று உண்டு, ஆனால் பேக்கப் எழுதும் வேகத்துக்கு அது ஈடுகொடுக்காது.

ராம் சிறியதாக இருந்த காலத்தில் வந்த சதவீதங்கள் இவை. ஒற்றை ஹார்டு டிஸ்கின்மேல் ஒரே மூச்சில் 900 எம்பியைக் கொட்டினால் வேறு எதுவும் இல்லாதபோதே ஏழெட்டு நொடி ஆகும். நடுவில் தலை இங்கும் அங்கும் ஓட வேண்டியிருந்தால் பல மடங்கு. அதே நேரத்தில் எடைத் திரையில் "சேமி" அழுத்தினால், போஸ்ட்கிரெஸ் சில கிலோபைட் அளவுள்ள பதிவை எழுதி, அது டிஸ்கில் உண்மையாகவே பதிந்ததா என்று எஃப்சிங்க் மூலம் உறுதி கேட்கும். அந்தச் சின்ன விஷயம் முந்நூறு மூட்டை இறக்கும் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும்.

நினைவக நிலவரத்தைக் காட்டும் மெம்இன்ஃபோ கோப்பில் டர்ட்டி, ரைட்பேக் என்ற இரண்டு வரிகளை நொடிக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே பேக்கப்பை ஓடவிட்டால் இது கண்ணுக்கே தெரியும். டர்ட்டி மளமளவென ஏறும், ஓர் உச்சியில் ரைட்பேக் தாவும், அந்தக் கணத்தில் எடைத் திரை நிற்கும்.

சதவீதத்தை விட்டுவிட்டு பைட் அளவில் எல்லை வைத்தோம். டர்ட்டி பேக்ரவுண்ட் பைட்ஸ் 67108864, அதாவது 64 எம்பி. டர்ட்டி பைட்ஸ் 268435456, அதாவது 256 எம்பி. பைட் அளவை எழுதினால் அதற்கு இணையான சதவீத அமைப்பு தானாகவே பூஜ்யமாகிவிடும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இதன் விளைவு, டிஸ்குக்குப் போகும் எழுத்து சீராகச் சிறுசிறு பொட்டலங்களாகப் போகிறது. பேக்கப் முன்னைவிடக் கொஞ்சம் மெதுவாக முடிகிறது, அதைப் பற்றி அங்கே யாருக்கும் கவலை இல்லை.

மலைப்பகுதிக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு. மின்சாரம் போனால் யுபிஎஸ் தாங்கும் சில நிமிடங்களுக்குள் எல்லாவற்றையும் டிஸ்கில் இறக்கி அணைக்க வேண்டும். இறக்க வேண்டிய பாக்கி 1.8 ஜிபிக்குப் பதில் 256 எம்பிக்குள் நிற்கிறது. தரவுத்தளப் பதிவுகள் எஃப்சிங்க் ஆனவை என்பதால் அவற்றுக்கு ஆபத்து குறைவு. ஏஜென்டுகள் அனுப்பும் கைச்சீட்டுப் படங்கள் மாதிரி, வெறுமனே எழுதப்பட்டு நிற்கும் கோப்புகளுக்குத்தான் இது பயன்.

மாதக் கடைசியில் விழுவது ஏன்

இரண்டாவது புகார் நேரடியானது. கெர்னல் பதிவில் நினைவகம் தீர்ந்துவிட்டது, போஸ்ட்கிரெஸ் செயல்முறை கொல்லப்பட்டது என்று தெளிவாகவே எழுதியிருந்தது. நினைவகம் தீர்ந்தால் ஏதாவது ஒரு நிரலைக் கொன்று இடம் பிடிக்கும் ஓஓஎம் கில்லரின் வேலை. ஒரே ஒரு இணைப்பின் செயல்முறைதான் கொல்லப்பட்டது, ஆனால் விழுந்தது எல்லாம். காரணம், பகிர்ந்த நினைவகத்தைத் தொட்டுக்கொண்டிருந்த ஒரு செயல்முறை பாதியில் செத்தால், அது அங்கே எதைச் சிதைத்துவிட்டுப் போயிருக்குமோ என்று போஸ்ட்கிரெஸ் மற்ற எல்லா இணைப்புகளையும் வெட்டிவிட்டு மீட்புக்குப் போகும். சரியான முடிவுதான். கணக்கருக்கு மட்டும் அது மொத்தமாக விழுந்ததாகத் தெரியும்.

16 ஜிபி எங்கே போகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தோம். இந்தத் தாளை யாரும் அதுவரை எழுதியிருக்கவில்லை என்பதே எனக்கு ஆச்சரியம்.

ஜாவா நிரல் தன் தரவை வைக்கும் நினைவகமான ஹீப்பின் உச்சவரம்பு 6 ஜிபி. ஹீப்புக்கு வெளியே வகுப்புகள், த்ரெட் அடுக்குகள், தொகுத்த நிரல் எல்லாம் சேர்த்து இன்னும் ஒரு ஜிபி வைத்துக்கொள்ளலாம். ஷேர்டு பஃபர்ஸ் 4 ஜிபி. இணைப்புகள்? மென்பொருளின் இணைப்புக் குளத்தில் 150 என்று இருந்தது. எப்போதும் 150-ம் திறந்தே இருக்கும். அந்தத் தொழிற்சாலையில் மொத்தம் ஆறு கணினியும் சில கைபேசிகளும்தான். நிறைய இருந்தால் வேகம் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள்.

போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு இணைப்பும் தனிச் செயல்முறை. சொந்தச் செலவு சராசரியாகப் பத்து எம்பி என்றாலே 1.5 ஜிபி. இதற்குமேல் எளிதில் கண்ணில் படாத ஒரு செலவு இருக்கிறது, பேஜ் டேபிள். ஒரு செயல்முறை தான் பயன்படுத்தும் ஒவ்வொரு 4 கேபி பக்கமும் ராமில் எங்கே இருக்கிறது என்று 8 பைட் குறிப்பு வைத்துக்கொள்ள வேண்டும். 4 ஜிபி என்பது 10,48,576 பக்கங்கள். அதற்கான குறிப்பு 8 எம்பி. பகிர்ந்த நினைவகம் ஒன்றேதான் என்றாலும் குறிப்பேடு ஆளுக்கு ஒன்று. நாள் முழுக்கத் திறந்திருக்கும் இணைப்பு சிறிது சிறிதாக எல்லாப் பக்கங்களையும் தொட்டுவிடும். 150 பேருக்கு 1.2 ஜிபி. டாப் கட்டளையில் இது எந்தச் செயல்முறையின் கணக்கிலும் வராது. மெம்இன்ஃபோவில் பேஜ்டேபிள்ஸ் என்ற வரியைப் பார்த்தால்தான் தெரியும். அங்கே அது ஒரு ஜிபியைத் தாண்டியே நின்றது.

எல்லாம் உச்சத்தை எட்டினால், இதுவரை கூட்டியது 13.7 ஜிபி. இன்னும் அறிக்கையே தொடங்கவில்லை.

போஸ்ட்கிரெஸ் வினவலுக்குள் வேலை செய்ய எடுக்கும் நினைவகமான வொர்க் மெம் 64 எம்பி என்று வைத்திருந்தார்கள். இயல்பு மதிப்பு 4 எம்பி. இந்த அமைப்பைப் பலரும் ஓர் இணைப்புக்கு இவ்வளவு என்று புரிந்துகொள்கிறார்கள். உண்மையில் ஒரு வினவலுக்குள் இருக்கும் ஒவ்வொரு வரிசைப்படுத்தலும் ஒவ்வொரு ஹேஷும் தனித்தனியாக இவ்வளவு எடுத்துக்கொள்ளலாம். வினவல் இணையாக ஓடினால் ஒவ்வொரு உதவிச் செயல்முறையும் தன் பங்குக்கு எடுக்கும். கணக்குத் தாள் வினவலில் அப்படி ஐந்து இடங்கள், இயல்பாக இரண்டு உதவியாளர்கள், ஆக மூன்று பேர். 64 பெருக்கல் 5 பெருக்கல் 3 என்றால் 960 எம்பி. மாதக் கடைசியில் வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று நாலு கணினியில் நாலு ஹட்டிகளுக்கு ஒரே நேரத்தில் அறிக்கை ஓடவிடுவார்கள். கிட்டத்தட்ட 4 ஜிபி. கூட்டினால் பதினேழரை. இருப்பது 16, அதற்குமேல் மெதுவான டிஸ்கில் 2 ஜிபி ஸ்வாப். விழாமல் இருந்தால்தான் அதிசயம்.

ஸ்வாப்பும் சும்மாதான் இருந்தது. ஸ்வாப்பை எவ்வளவு நாட வேண்டும் என்று சொல்லும் ஸ்வாப்பினெஸ் பூஜ்யம் என்று எழுதியிருந்தார்கள். இயல்பு 60. கெர்னல் 3.5 முதல் பூஜ்யத்துக்கு அர்த்தம் கடுமையானது. காலி இடமும் கோப்புக் கேஷும் அடிமட்டத்துக்குக் கீழே போகும்வரை நிரல்களின் நினைவகத்தை ஸ்வாப்புக்கு அனுப்பவே அனுப்பாது. காலையிலிருந்து யாரும் தொடாத இணைப்புச் செயல்முறைகள் ராமில் சொகுசாக உட்கார்ந்திருக்க, கேஷ் மட்டும் நசுங்கும். கடைசி நேரத்தில் ஓஓஎம் வந்து நிற்கும்.

மாற்றியவை இவை. இணைப்புக் குளம் 150-லிருந்து 20. இந்த ஒரு எண்ணில் பேஜ் டேபிள் 1.2 ஜிபியிலிருந்து 160 எம்பிக்கும், செயல்முறைச் செலவு 1.5 ஜிபியிலிருந்து 200 எம்பிக்கும் இறங்கியது. பயன்படாத நினைவகத்தை விடுவிக்கும் ஜாவாவின் குப்பை சேகரிப்புப் பதிவில், முழுச் சேகரிப்புக்குப் பிறகு உண்மையில் உயிரோடு இருக்கும் தரவு ஒரு ஜிபிக்குச் சற்று மேல்தான் என்று தெரிந்தது. ஹீப்பை 3 ஜிபி ஆக்கினோம். பொது வொர்க் மெம் 8 எம்பி. அறிக்கைக்கென்று தனிப் பயனர் கணக்கு உருவாக்கி அதற்கு மட்டும் 128 எம்பி கொடுத்து, அறிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும்படி மென்பொருளில் வரிசை வைத்தார்கள். உச்சத்தில் இது 1.9 ஜிபி. ஸ்வாப்பினெஸ் 10. இதைவிட மேலே போகத் தயக்கம், ஏனென்றால் ஜாவாவின் ஹீப் ஸ்வாப்புக்குப் போய்விட்டால் குப்பை சேகரிப்பு அதை முழுக்கத் தொட்டு இழுக்க வேண்டிவரும், திரை நொடிக்கணக்கில் நிற்கும். மாலை நெரிசலில் விஎம்ஸ்டாட் கட்டளை காட்டும் எஸ்ஐ, எஸ்ஓ (ஸ்வாப்பிலிருந்து வருவது, ஸ்வாப்புக்குப் போவது) இரண்டும் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் 10-ஐ உறுதி செய்தோம்.

புதிய தாளின் மொத்தம், இயங்குதளத்தின் சொந்தச் செலவையும் சேர்த்து, உச்ச நேரத்திலும் பத்தரை ஜிபி. ஐந்தரை ஜிபி கேஷுக்கு மிச்சம். பெட்டி அதே பெட்டி.

நாலு கணினியில் ஒரே நேரம் ஓடியதை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றுகிறோம் என்றதும் எதிர்ப்பு வந்தது. "நாலு வேலைய ஒண்ணொண்ணா செஞ்சா நேரம் நாலு பங்கு ஆகாதுங்களா?" ஒரே டிஸ்கை நாலு பேர் நாலு பக்கம் இழுத்ததில் முன்பு எல்லோருமே காத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது ஒவ்வொன்றும் ராமிலேயே வரிசைப்படுத்தி முடிப்பதால் மொத்த நேரம் குறைந்தது. முதல் மாதக் கணக்கு முடிந்த பிறகு அந்தப் பேச்சு வரவில்லை.

தொடாமல் விட்டவை

சர்வரில் கெர்னல் அமைப்புகளை மாற்றும் சிஸ்கண்ட்ரோல் கோப்பு ஒன்று நீளமாக இருந்தது. எங்கிருந்தோ மொத்தமாக நகல் எடுத்து ஒட்டியது. பாதி வரிகள் நெட்வொர்க் பற்றியவை, ஆறு கணினிக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாதவை. அவற்றை நீக்கிவிட்டு நினைவகம் சார்ந்த மூன்று வரிகளை மட்டும் வைத்தோம்.

ஹியூஜ் பேஜஸ் வைக்கலாமா என்பது நியாயமான கேள்வி. 4 கேபிக்குப் பதில் 2 எம்பி பக்கங்கள் என்றால் 4 ஜிபிக்கு 2048 குறிப்புகள் போதும், ஒரு செயல்முறைக்கு 8 எம்பி என்பது 16 கேபியாகிவிடும். 150 இணைப்புகள் கட்டாயம் தேவைப்படும் இடமாக இருந்தால் யோசிக்காமல் செய்திருப்பேன். 20 இணைப்புகளுக்கு மிச்சமாவது 160 எம்பி. அதற்காக, வேறு யாரும் பயன்படுத்த முடியாதபடி நாலு ஜிபிக்குமேல் ஒதுக்கி வைப்பதும், பின்னாளில் யாராவது ஷேர்டு பஃபர்ஸை மாற்றும்போது இந்த எண்ணையும் சேர்த்து மாற்ற நினைவு வைத்திருப்பதும் அந்த அலுவலகத்துக்குச் சுமை. போஸ்ட்கிரெஸின் இயல்பு அமைப்பு "முயன்று பார்" என்பது. ஒதுக்கியது போதாவிட்டால் சத்தமில்லாமல் சாதாரணப் பக்கங்களுக்குத் திரும்பிவிடும், ஒதுக்கிய நாலு ஜிபி வீணாக நிற்கும். செய்பவர்கள் அதைக் கண்டிப்பான "ஆன்" என்று வைப்பது நல்லது. போதாவிட்டால் தரவுத்தளம் எழவே எழாது, தவறு அன்றைக்கே தெரிந்துவிடும்.

இருப்பதைத் தாண்டி நினைவகம் ஒதுக்கலாமா என்று தீர்மானிக்கும் ஓவர்கமிட் மெமரியை, கண்டிப்பான உச்சவரம்பு வைக்கும் 2 ஆக்கச் சொல்லிப் போஸ்ட்கிரெஸ் ஆவணம் பரிந்துரைக்கிறது. தரவுத்தளம் மட்டும் ஓடும் பெட்டிக்கு நல்ல யோசனை. இங்கே ஜாவாவும் கூட இருக்கிறது. இயல்பான ஓவர்கமிட் ரேஷியோ 50 என்பதால் உச்சவரம்பு 16-ல் பாதியும் ஸ்வாப்பும் சேர்ந்து 10 ஜிபியில் நின்றுவிடும். ராம் காலியாக இருக்கும்போதே ஒதுக்கீடு மறுக்கப்படும். ரேஷியோவை 80 ஆக்கினால் 14.8 ஜிபி வரும், அதுவும் ஒரு வழி. பட்ஜெட் பத்தரையில் நிற்கும்போது அந்தச் சிக்கல் தேவையில்லை என்று 0-விலேயே விட்டோம்.

பெரிய பக்கங்களைக் கெர்னலே கொடுக்கும் ட்ரான்ஸ்பரண்ட் ஹியூஜ் பேஜஸை "ஆல்வேஸ்" (எப்போதும்) நிலையிலிருந்து "எம்அட்வைஸ்" (நிரல் கேட்டால் மட்டும்) நிலைக்கு மாற்றிப் பார்த்தோம். சீட்டு நேரத்தில் எந்த வேறுபாடும் தெரியவில்லை. திரும்பப் பழையபடியே வைத்துவிட்டோம். பலன் தெரியாத மாற்றத்தைக் கோப்பில் விட்டால், அடுத்து வருபவர் அதற்கு ஏதோ காரணம் இருக்கிறது என்று நம்பித் தொடாமல் விட்டுவிடுவார்.

இரவு அணைத்துக் காலையில் போடுவதால் கேஷ் காலியாகத்தான் நாள் தொடங்கும். போஸ்ட்கிரெஸ் 11 முதல் வந்த ஆட்டோபிரீவார்ம் வசதி, அணைப்பதற்கு முன் ஷேர்டு பஃபர்ஸில் எந்தப் பகுதிகள் இருந்தன என்று குறித்து வைத்து, மறுநாள் அவற்றைத் தானே ஏற்றிக்கொள்ளும். தயாராக வைத்தோம், ஆனால் இயக்கவில்லை. காலையில் வேலை குறைவு, மூன்று மணி நெரிசலுக்குள் கேஷ் தானே நிறைந்துவிடுகிறது.

இப்போது

கண்காணிக்க ஒரே ஒரு எண்ணை அலுவலகத் திரையில் போட்டுக் கொடுத்திருக்கிறோம். கெர்னல் 4.20 முதல் கிடைக்கும் மெமரி பிரஷர் கோப்பில், நினைவகம் இல்லாமல் நிரல்கள் எத்தனை சதவீத நேரம் காத்திருந்தன என்பது கடந்த பத்து நொடி, ஒரு நிமிடம், ஐந்து நிமிடம் என்று மூன்று அளவாக இருக்கும். "ஃப்ரீ" நெடுவரிசையைப் பார்த்துப் பதறும் பழக்கம் போக இது உதவியது. ஐந்து நிமிட அளவு பூஜ்யத்தைவிட்டு நகர்ந்தால் மட்டும் அழைக்கச் சொல்லியிருக்கிறோம். கணக்கர் அண்ணன் ஆரம்பத்தில் பழக்கதோஷத்தில் ஃப்ரீயையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் விட்டுவிட்டார்.

கூடுதல் ராமுக்கு ஒதுக்கியிருந்த பணத்தில் ஒரு எஸ்எஸ்டி வாங்குவதாக முடிவு செய்திருக்கிறார்கள். தரவுத்தளம் அதற்கு மாறும் நாளில் 64, 256 என்ற இரண்டு எண்களையும் மீண்டும் சோதிக்க வேண்டும். அவை ஒற்றை ஹார்டு டிஸ்கின் வேகத்துக்காக வைத்தவை. எஸ்எஸ்டியில் பேக்கப் காரணமில்லாமல் மெதுவாகலாம். அதை அமைப்புக் கோப்பில் அந்த இரண்டு வரிகளுக்கு மேலேயே குறிப்பாக எழுதி வைத்திருக்கிறது.